மஞ்சள் விளக்கை அணைத்தவள்

தம்பியின் கார் வருவது தெருமுனையிலேயே தெரிந்துவிடும். புது சைலன்சர் மாட்டிய நாளிலிருந்து அப்படி ஒரு சத்தம். "உன் தம்பி கார்ல வர்றானா, இல்ல கல் உடைக்கிற மெஷினக் கட்டி இழுத்துக்கிட்டு வர்றானா?" என்று வெல்டர் கேட்பார். அக்கா பதில் சொல்ல மாட்டாள். தம்பியைப் பற்றி மற்றவர்கள் சொல்லக்கூடியதையெல்லாம் அவள் ஏற்கெனவே மனசுக்குள் சொல்லி முடித்திருப்பாள்.

அந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் அவள் அக்காதான். அறுபது வயது லாரி டிரைவர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். இரண்டு வண்டி நிற்கிற அளவுக்கு ஒர்க்‌ஷாப், ஒரு லிஃப்ட், ஒரு ஸ்கேனர், பின்னால் வெல்டருக்கென்று ஒரு தகரக் கொட்டகை. பதினாறு வருஷமாக நடத்துகிறாள். காதை வைத்தே என்ஜினுக்கு என்ன நோய் என்று சொல்லிவிடுவாள் என்று பெயர். அந்தப் பெயரில் அவளுக்கும் கொஞ்சம் கிறக்கம் உண்டு.

அன்று வியாழக்கிழமை. தம்பி காரை லிஃப்டுக்கு நேராக நிறுத்திவிட்டு இறங்கினான்.

"அக்கா, இந்த லைட்ட அணைச்சுக் குடு."

"எந்த லைட்டு?"

"தெரியாத மாதிரி கேக்காத. என்ஜின் படம் போட்ட மஞ்ச லைட்டு. ஒரு மாசமா எரியுது."

"சைலன்சர் மாத்தினதுலேருந்துதானே?"

அவன் கழுத்தைச் சொறிந்தான். அதுவே பதில்.

வண்டியின் கோளாறைப் படித்துக் காட்டும் ஸ்கேனரைச் சொருகினாள். என்ன வரும் என்று பார்க்காமலே அவளுக்குத் தெரியும். கம்பெனி மாட்டி அனுப்பிய குழாயில், வண்டியின் வயிற்றுக்குக் கீழே ஒரு டப்பா இருக்கும். என்ஜினிலிருந்து வரும் விஷப் புகையை எரித்துச் சுத்தம் பண்ணுவது அதன் வேலை. டப்பாவுக்கு முன்னால் ஒரு சென்சார், பின்னால் ஒரு சென்சார். உள்ளே போகும் புகையும் வெளியே வரும் புகையும் ஒரே மாதிரி இருந்தால் டப்பா வேலை செய்யவில்லை என்று அர்த்தம். உடனே விளக்கு எரியும். தம்பி வாங்கி மாட்டியிருந்த பளபளா குழாயில் டப்பாவே கிடையாது. வெறும் ஓட்டைக் குழாய்.

"பழைய குழாய் எங்கடா?"

"மாட்டிக் குடுத்தவன் எடுத்துக்கிட்டான்."

"எடுத்துக்கிட்டானா, நீ குடுத்தியா?"

"ரெண்டும்தான். இப்ப அதுவா முக்கியம்?"

"அதுதான் முக்கியம். லைட்டு பொய் சொல்லல. உடம்புல ஒரு உறுப்பு இல்லைங்குது. உறுப்பக் கொண்டா, மாட்டுறேன், தன்னால அணையும்."

தம்பி குரலை இறக்கினான். அவனுக்குக் காரியம் ஆக வேண்டுமென்றால் குரல் இறங்கும். சின்ன வயசிலிருந்து அப்படித்தான். "ஞாயித்துக்கிழமை மாமியார் வீட்டுக்குப் போறோம், மலைக்கு மேல. இந்த லைட்டு எரியிற வண்டியில குட்டிய ஏத்த மாட்டேன்னு என் பொண்டாட்டி ஒத்தக்கால்ல நிக்கிறா. நான் மட்டும் கார்ல போய் இறங்கி, பொண்டாட்டி புள்ள பின்னாடி பஸ்ல வந்து இறங்கினா மாமியார் என்ன நினைப்பாங்க?"

"புத்திசாலிப் பொண்ணப் பெத்திருக்கோம்னு நினைப்பாங்க," என்றார் வெல்டர், கொட்டகையிலிருந்து.

அக்கா முடியாது என்றாள். இரண்டு தரம் சொன்னாள். மூன்றாவது தரம் சொல்லும்போது வாசலில் இன்னொரு வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். தம்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு வாரத்துக்கு மட்டும்க்கா. போயிட்டு வந்ததும் நல்ல குழாய் வாங்கித் தர்றேன், நீயே மாட்டு," என்றான்.

மேஜை டிராயரில் விரல் நீள இரும்புத் துண்டு ஒன்று கிடந்தது. பின்பக்க சென்சாரைக் கழற்றி, நடுவில் இதைச் சொருகி மாட்டினால் சென்சார் புகைக்கு எட்டாமல் தள்ளிப் போய்விடும். எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளும். தவறு என்று தெரிந்தவர்களும் செய்கிற வேலை. பத்து நிமிஷம்.

காரை லிஃப்டில் ஏற்றிக் கீழே போய் நின்றாள். சென்சாரைக் கழற்றும்போது கண்ணில் பட்டது. புதுக் குழாய் பழைய குழாயோடு சேரும் ஜாயிண்டில், ஒரு விரல் அகலத்துக்குக் கரி. தொட்டாள். விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது, புதுக் கரி. ஜாயிண்ட் புகையைக் கசியவிடுகிறது. வேறு மெக்கானிக் யாராவது இதைப் பார்த்துவிட்டுச் சும்மா விட்டிருந்தால் அவனை நிற்க வைத்துக் கேள்வி கேட்டிருப்பாள். தனக்கென்று வரும்போது, "ஜாயிண்டுக்கு நடுவுல வச்ச புது கேஸ்கெட்டு, நாலு நாள் சூடேறினா தன்னால படிஞ்சிடும்," என்று மனசு சொன்னது. பக்கத்திலேயே வண்டியின் அடித்தகட்டிலிருந்த ஓர் ஓட்டை வழியாக ஒரு சிவப்பு ஒயர் உள்ளே போயிற்று. பெரிய ஸ்பீக்கருக்கு இழுத்திருப்பான். வாசலில் மறுபடியும் ஹாரன். விரலைத் துணியில் துடைத்துக்கொண்டு, இரும்புத் துண்டை மாட்டி முடித்து வண்டியை இறக்கினாள்.

விளக்கு அணைந்திருந்தது. தம்பி உடனே மனைவிக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தான்.

"அணைஞ்சிடுச்சு. சரியாயிடுச்சு."

"யார் பார்த்தது?"

"அக்காதான்."

"அவங்ககிட்ட குடுங்க."

அவன் போனை நீட்டினான். தம்பி மனைவி ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்ப்பவள். எதையும் ஒரு தரத்துக்கு இரண்டு தரம் கேட்டு உறுதி பண்ணிக்கொள்வாள். "அண்ணி, நீங்க பார்த்தீங்கன்னா எனக்குப் போதும். ஒண்ணும் பயமில்லையே? குட்டிக்கு வேற அந்த வண்டியில ஏறினாலே தலைவலிக்குதாம். அந்தச் சத்தம்தான் போல."

அக்கா தன் விரலைப் பார்த்தாள். நகக்கண்ணில் இன்னும் கறுப்பு இருந்தது.

"சத்தம்தான். வேற ஒண்ணும் இல்ல, போயிட்டு வாங்க," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே மழை. ஒர்க்‌ஷாப்புக்கு விடுமுறைதான், ஆனால் திங்கட்கிழமை விடிந்தால் வேண்டும் என்று ஒரு டாக்சிக்காரர் காரைப் போட்டுவிட்டுப் போயிருந்தார். தம்பி வைத்திருக்கும் அதே மாடல், அதே வருஷம். மதியம் சாப்பிட்ட கையோடு அக்கா வந்து ஷட்டரைத் திறந்தாள். கொட்டகையில் வெல்டர் யாருக்கோ இரும்புக் கேட் ஒன்றை ஒட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் இருந்தால் மனைவி வேலை வைப்பாள் என்று ஞாயிற்றுக்கிழமையும் வந்துவிடுகிறவர் அவர்.

டாக்சியை உயர்த்திக் கீழே போனாள். பிரேக் லைனைத் தேடிக் கையை மேலே கொண்டுபோனவள், வண்டியின் அடித்தகட்டில் வரிசையாக இருந்த வட்ட ரப்பர் மூடிகளைப் பார்த்தாள். ஐந்து மூடி. கடைசி மூடி சரியாகக் குழாய் ஜாயிண்டுக்கு மேலே, பின் சீட்டுக்கு அடியில். அதன் மேல் விரலை வைத்தாள்.

தம்பி வண்டியில் இந்த இடத்தில் மூடி இல்லை. இந்த ஓட்டை வழியாகத்தான் சிவப்பு ஒயர் போயிற்று. மெல்லிய ஒயர். ஓட்டையோ இரண்டு விரல் நுழைகிற அகலம்.

விரல் அங்கேயே நின்றது. கரி படிந்திருந்தது இந்த ஓட்டைக்கு நேர் கீழே. புகையைச் சுத்தம் பண்ணுகிற டப்பா அந்த வண்டியில் இல்லை. ஏறினாலே தலைவலிக்கிறது என்று குழந்தை சொல்லியிருக்கிறது. அந்தக் குழந்தை உட்காருவது பின் சீட்டில். இதையெல்லாம் தனித்தனியாக வியாழக்கிழமையே அவள் பார்த்தும் கேட்டும் இருந்தாள். ஒன்று சேர்த்துப் பார்க்கவில்லை.

வெளியே தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. மழை என்றால் கண்ணாடி ஏற்றியிருப்பார்கள்.

கையைத் துடைக்காமலே போனை எடுத்தாள். தம்பியின் நம்பர் அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். அதுவும் ஓய்ந்தது. "எடுடா," என்று சத்தமாகவே சொன்னாள். வெல்டர் முகமூடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். மூன்றாவது தரம் கடைசி மணியில் யாரோ எடுத்தார்கள்.

"ஹலோ..."

தம்பி மனைவி. குரல் வாய்க்குள்ளேயே சுருண்டு கிடந்தது.

"நீயா? அவன் எங்க?"

"முன்னாடி... மரம் விழுந்திருக்காம்... பார்க்கப் போனாரு."

"வண்டி நிக்குதா?"

"ரொம்ப நேரமா நிக்குது அண்ணி... வரிசையா எல்லா வண்டியும்..."

"என்ஜின் ஓடுதா? சொல்லு, என்ஜின் ஓடுதா?"

"ஓடுது... கண்ணாடியில ஆவி பிடிக்குதுன்னு... ஏசி போட்டு விட்டுட்டுப் போனாரு."

"கண்ணாடிய இறக்கு. இப்பவே."

"வெளிய ஒரே புகை நாத்தம் அண்ணி... எல்லா வண்டியும் ஓடுது... அதான் ஏத்தி விட்டேன்." ஒவ்வொரு சொல்லும் மேட்டில் ஏறுவதுபோல வந்தது. "எனக்குத் தலை ஒரு மாதிரி... தூக்கமா வருது."

"நான் சொல்றதக் கேளு. புகை வெளியேருந்து வரல. உங்க வண்டிக்குள்ளதான் வருது. கதவத் திற. குட்டியத் தூக்கிக்கிட்டு இறங்கு. மழையில நனைஞ்சா நனையட்டும்."

"குட்டி தூங்குறா... இப்பதான் வாந்தி எடுத்துட்டு..."

"தூங்கல! அவ தூங்கல, கதவத் திற!"

துணி உரசும் சத்தம். ஏதோ பிளாஸ்டிக்கைத் தட்டும் சத்தம், பலமில்லாமல், இரண்டு தரம். "கை... வரமாட்டேங்குது," என்றாள் தம்பி மனைவி, ஆச்சரியப்படுகிறவள் மாதிரி. பிறகு போன் எங்கோ விழுந்தது. அதற்கப்புறம் கேட்டதெல்லாம் வைப்பரின் சத்தமும், அந்த சைலன்சரின் உறுமலும்தான்.

அக்கா கத்தினாள். பேரைச் சொல்லிக் கத்தினாள், குட்டியைக் கூப்பிட்டாள், வையக்கூடச் செய்தாள். பதில் இல்லை. லைன் மட்டும் அறுபடவில்லை.

வெல்டர் கையுறையோடு ஓடி வந்தார். "உங்க போனக் குடுங்க," என்று அக்கா அதைப் பிடுங்கி அவசர உதவிக்கு அடித்தாள். ஒரு காதில் காரின் உறுமல், இன்னொரு காதில் ஒரு பெண்ணின் நிதானமான குரல்.

"எந்த இடம்மா?"

"மலைப்பாதை. மரம் விழுந்து வண்டியெல்லாம் நிக்குதே, அங்க. நீலக் கார். உள்ள ஒரு பொம்பளையும் நாலு வயசுக் குழந்தையும். புகை உள்ள அடைச்சு மயக்கமாயிட்டாங்க."

"அங்க இருநூறு வண்டிக்கு மேல நிக்குதும்மா. எத்தனையாவது வளைவு?"

"தெரியாது. என் தம்பி நடந்து மரத்தப் பார்க்கப் போயிருக்கான். ரொம்ப தூரமா இருந்தா சோம்பேறி போயிருக்க மாட்டான். மரத்துக்குக் கிட்டதான் இருக்கணும்."

எதிர்முனையில் இன்னொருவரோடு பேசுவது கேட்டது. "மரத்துக்கிட்ட ரோந்து போலீஸ் ஒருத்தர் இருக்கார். வயர்லெஸ்ல சொல்லிட்டேன். வரிசையோட கீழ நடந்து வர்றார். நீலக் கார் மட்டும் பத்து இருக்காம்."

"சத்தம் போடுற காரு. சைலன்சர் மாத்தினது. காது செவிடாகிற மாதிரி கத்தும்."

"மழைச் சத்தத்துல எல்லாமே கத்துதாம்மா."

அக்கா கண்ணை மூடினாள். இடது காதில் இருந்த போனை அழுத்திக்கொண்டாள். என்ஜினைக் காதால் கேட்டு நோய் சொல்கிறவள். அந்தக் காதுக்கு இப்போது ஒரே வேலைதான்.

"அவர்கிட்ட விசில் இருக்கா?"

"என்னம்மா?"

"விசில் இருந்தா ஊதச் சொல்லுங்க. ஊதிக்கிட்டே நடக்கச் சொல்லுங்க. கார்ல இருக்கிற போன் இன்னும் லைன்ல இருக்கு. கிட்ட வந்தா எனக்குக் கேக்கும்."

"சொல்றேன்," என்றது குரல். அந்த நிதானம் இப்போது அதில் இல்லை.

உறுமல். வைப்பர். மழை. வெல்டர் நின்ற இடத்தில் நின்றார். மூச்சு விடும் சத்தம் கேட்டுவிடும் என்பதுபோல வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். ஒரு நிமிஷம் போயிற்று. பிறகு வெகு தூரத்தில், ஊசி முனை மாதிரி ஒன்று.

"கேக்குது," என்றாள். "லேசா. வரச் சொல்லுங்க, இன்னும் கீழ வரச் சொல்லுங்க."

விசில் பெரிதாயிற்று. இன்னும் பெரிதாயிற்று. ஒரு கட்டத்தில் காதைத் துளைப்பதுபோல அடித்தது. "அங்கதான், அங்கதான்" என்று அவள் சொல்லும்போதே மெலிய ஆரம்பித்தது.

"தாண்டிட்டாரு! தாண்டிப் போறாரு, திரும்பச் சொல்லுங்க!"

"திரும்புறார்மா."

மெலிந்த சத்தம் நின்றது. ரொம்ப நேரம் எதுவும் இல்லை. அப்படித்தான் அவளுக்குத் தோன்றியது. அப்புறம் மறுபடியும் விசில், இந்த முறை ஊதி நிறுத்தி, ஊதி நிறுத்தி. பக்கம் வந்தது. இன்னும் பக்கம். "நிறுத்துங்க! அவர் நிக்கிற இடம்தான்!" என்று கத்தினாள்.

கண்ணாடியில் தட்டும் சத்தம். "அம்மா! ஏம்மா! கதவு பூட்டியிருக்கு." இரண்டு மூன்று பேர் குரல். யாரோ "கல்லெடு" என்றார்கள். கண்ணாடி உடைந்த சத்தம் அவள் காதுக்குள்ளேயே உடைந்த மாதிரி இருந்தது. என்ஜின் நின்றது. மழை மட்டும் கேட்டது, திடீரென்று ரொம்பத் தெளிவாக.

"யாராவது போன எடுங்க! கீழ கிடக்கு, போன எடுங்க!"

கடைசியில் ஓர் ஆண்குரல். "யாரு லைன்ல?"

"குழந்தையோட அத்தை. மூச்சு இருக்கா?"

"இருங்க."

இந்த ஒரு சொல்லை அதற்குப் பின் எந்த வாடிக்கையாளரிடமும் அவளால் சாதாரணமாகச் சொல்ல முடிந்ததில்லை.

"பெரியவங்க கண்ணு திறக்கிறாங்க. குழந்தைக்கு மூச்சு இருக்கு. கண்ணு திறக்கல."

மரம் பாதையை அடைத்திருந்ததால் மேலிருந்து இறங்குகிற பக்கம் காலியாக இருந்தது. அந்தப் பக்கமாகவே ஆம்புலன்ஸ் ஏறிப்போய் இருவரையும் இறக்கிக்கொண்டு வந்தது. வெல்டர் தன் பழைய வேனில் அக்காவை அடிவாரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

தம்பி வராந்தாவில் நின்றிருந்தான். சட்டையெல்லாம் சேறு, முழங்கை வரை மரப்பட்டை. "நாலு பேரோட சேர்ந்து கிளைய இழுத்துக்கிட்டு இருந்தேன்க்கா," என்றான். "விசில் ஊதிக்கிட்டு ஒரு போலீஸ்காரர் என்னைத் தாண்டித்தான் போனாரு. என்னடா இவரு, இந்த மழையிலன்னு சிரிச்சேன். சிரிச்சேன்க்கா." அதைத் திரும்பத் திரும்பச் சொன்னான்.

ரத்தத்தில் விஷ வாயு ஏறியிருக்கிறது, ஆக்சிஜன் கொடுத்து வெளியேற்றுகிறோம், குழந்தைக்குத்தான் அதிகம் என்றார் டாக்டர். எவ்வளவு நேரமாகும் என்று கேட்டால், "பார்ப்போம்" என்றார். அக்கா சுவரில் சாய்ந்து நின்றாள். நாற்காலி இருந்தது, உட்காரவில்லை.

இரண்டே கால் மணி நேரம். அப்புறம் நர்ஸ் வந்து கூப்பிட்டாள். குட்டி கண்ணைத் திறந்து, மூக்கின் மேலிருந்த மாஸ்க்கைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். தம்பியைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். "அத்தே, இது வேணாம்," என்று அழுதாள். அந்த அழுகையைக் கேட்டுத் தம்பி தரையில் உட்கார்ந்துவிட்டான்.

பக்கத்துக் கட்டிலில் தம்பி மனைவி படுத்திருந்தாள். முகம் வெளிறி, உதடு காய்ந்திருந்தது. கண் மட்டும் முழு விழிப்பில். மகளின் அழுகை தேம்பலாகத் தேய்ந்து அடங்கும் வரை காத்திருந்தாள்.

"அண்ணி. ஒண்ணும் இல்லன்னு சொன்னீங்களே."

"அக்காவ ஏன் கேக்கிற?" என்று தம்பி எழுந்தான். "எல்லாம் என்னால. நான்தான் குழாய மாத்தினேன், நான்தான் லைட்ட அணைக்கச் சொன்னேன்..."

"நீங்க பேசாதீங்க. உங்கள நான் நம்பல. அதனாலதான் அவங்களக் கேட்டேன்."

அக்காவுக்குப் பொய் சொல்ல வழி இருந்தது. தெரியாது, கவனிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம்; தம்பி அதற்குச் சாட்சியும் சொல்லியிருப்பான்.

"சரி பண்ணல," என்றாள். "லைட்டு எரியாத மாதிரி சென்சார ஏமாத்தி வச்சேன். ஜாயிண்ட்ல கரி இருந்துச்சு. பார்த்தேன். தொட்டும் பார்த்தேன். அவசரத்துல விட்டுட்டேன். உன்கிட்ட ஒண்ணும் இல்லன்னு சொல்லும்போது என் விரல்ல கரி இருந்துச்சு."

தம்பி மனைவி முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் மகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். காரை இழுத்துவந்து ஒர்க்‌ஷாப்பின் மூலையில் போட்டார்கள். தம்பி அலையாத இடமெல்லாம் அலைந்து, விபத்தில் நொறுங்கிய அதே மாடல் வண்டி ஒன்றிலிருந்து டப்பாவோடு ஒரிஜினல் குழாயை வாங்கி வந்தான். அக்கா அதைத் தொடவில்லை.

"எப்ப மாட்டுவ?"

"அவ வரட்டும். அவ முன்னாடி மாட்டுறேன்."

"வரலன்னா?"

"கிடக்கட்டும்."

மூன்று வாரம் கிடந்தது. நடுவில் ஒரு ஆள் புது சைலன்சர் மாட்டிய வண்டியோடு வந்து, லைட்டை அணைக்கணும் என்று நின்றான். அக்கா அவனைத் திட்டவில்லை. லிஃப்டில் ஏற்றி, அவனையும் கீழே நிற்க வைத்து, எது எங்கே இருக்க வேண்டும், இப்போது என்ன இல்லை என்று காட்டினாள். அவன் பாதியிலேயே கிளம்பி வேறு ஒர்க்‌ஷாப்புக்குப் போனான். "ஊரத் திருத்த உளிய எடுத்தாச்சா?" என்றார் வெல்டர். "ஊரு இல்ல. என்னத்தான்," என்றாள்.

நாலாவது வாரம், ஒரு புதன்கிழமை மதியம், தம்பி மனைவி தனியாக வந்தாள். வணக்கம், நலம் விசாரிப்பு எதுவும் இல்லை. "நான் வண்டியப் பார்க்கணும்," என்றாள்.

அக்கா காரை உயர்த்தினாள். இருவரும் கீழே நின்றார்கள். கரி, ஓட்டை, இரும்புத் துண்டு, மூன்றையும் காட்டினாள். தம்பி மனைவி கரியைத் தொட்டுப் பார்த்தாள். தொட்ட விரலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

வேலை நான்கு மணி நேரம் பிடித்தது. பளபளா குழாயைக் கழற்றினாள். ஒரு போல்ட் துருவேறி வரமாட்டேன் என்றது. வெல்டர் வந்து சூடு காட்டிக் கழற்றிக் கொடுத்தார். ஒரிஜினல் குழாய், புது கேஸ்கெட், சென்சார் அதன் பழைய இடத்தில். சிவப்பு ஒயரை உருவி எடுத்துவிட்டு ஓட்டைக்கு மூடி போட்டாள். என்ஜினை ஓடவிட்டு ஒவ்வொரு ஜாயிண்டிலும் சோப்புத் தண்ணீர் தெளித்தாள். ஒரு குமிழிகூட வரவில்லை. ஸ்கேனரைக் கொடுத்து, "நீயே பாரு," என்றாள். தம்பி மனைவி ஒவ்வொரு வரியாகப் படித்தாள். புரியாததைக் கேட்டாள். அக்கா சொன்னாள்.

கடைசியில் அக்கா, பாய்லர் ரிப்பேர்க்காரர் ஒருவரிடம் கேட்டு வாங்கி வைத்திருந்த மீட்டரை எடுத்தாள். காற்றில் அந்த விஷ வாயு இருந்தால் எண் காட்டும். காரை வெளியே வெட்டவெளியில் நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டு, கண்ணாடிகளை ஏற்றி, குட்டி உட்காருகிற பின் சீட்டில் மீட்டரோடு உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

தம்பி மனைவி எதிரே அடுக்கியிருந்த டயர்களின் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிஷம். பத்து. மீட்டரில் பூஜ்யம். இருபதாவது நிமிஷம் எழுந்து வந்து கண்ணாடியில் தட்டினாள்.

"இறங்குங்க."

"இன்னும் நேரம் இருக்கு. அரை மணியாவது பார்க்கணும்."

"மீதிய நான் உக்காந்து பார்க்கிறேன்."

அக்கா இறங்கினாள். தம்பி மனைவி ஏறினாள். ஏறும்போது கால் ஒரு நொடி தயங்கியது. பிறகு அவளே கதவை இழுத்துச் சாத்தினாள்.

அக்கா வெளியே கதவுப் பிடியில் கை வைத்து நின்றாள். மீட்டர் பூஜ்யம் காட்டுகிறது, ஜாயிண்ட் கசியவில்லை, எல்லாம் தெரியும். ஆனாலும் உள்ளே இருக்கும் முகத்திலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. அவள் இமைப்பதை எண்ணினாள். ஒரு தரம் தம்பி மனைவி கண்ணை மூடினாள். அக்காவின் கை பிடியை அழுத்திவிட்டது, கதவு அரை அங்குலம் திறந்தது. உள்ளேயிருந்து கண்கள் திறந்தன. "தூங்கல. சாத்துங்க," என்றாள். அக்கா சாத்தினாள். கையை எடுக்கவில்லை.

வெல்டர் அந்தப் பக்கம் வந்தார், இருவரையும் பார்த்தார், வந்த வழியே போய்விட்டார்.

நேரம் முடிந்தது. தம்பி மனைவி இறங்கி, மீட்டரைத் திருப்பிக் கொடுத்தாள். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"உங்க தம்பிய வந்து வண்டிய எடுத்துக்கச் சொல்லுங்க."

"குட்டி எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா. கார் கதவ மூடினா அழுறா." இரண்டடி நடந்தவள் நின்றாள். திரும்பாமலே பேசினாள். "அத்தை ஏன் வரலைன்னு தினமும் கேக்கிறா. எனக்கு பதில் சொல்லத் தெரியல. ஞாயித்துக்கிழமை வாங்க. எனக்கு ஆறிடுச்சுன்னு நினைச்சுக்காதீங்க, ஆறல. அவளப் பார்த்துட்டுப் போங்க."

"வர்றேன்," என்றாள் அக்கா.

தம்பி மனைவி கேட்டைத் தாண்டித் தெருவில் இறங்கி நடந்தாள். அக்கா காருக்குள் சாய்ந்து என்ஜினை நிறுத்தினாள். கொஞ்ச நேரம் கழித்து, நாலு கதவையும் ஒவ்வொன்றாக விரியத் திறந்து வைத்தாள்.